சந்தையில் விலைபோகாத முகம்

பேளுக்குறிச்சிச் சந்தையில், கருவாட்டுக் கூடைகளுக்கும் மண்சட்டிக் குவியலுக்கும் நடுவே, என் முகம் ஒரு சாக்கின்மேல் கல்லில் சாய்ந்து நின்றது.

அதே முகத்தைக் கழுத்தின்மேல் வைத்துக்கொண்டு நான் அதற்கு எதிரில் நின்றேன். வெயில் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் குடையை விரித்துத் தாழ்த்திப் பிடித்தேன். இரண்டு முகத்தையும் யாரும் ஒருசேரப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

"ஏனுங்க டீச்சரம்மா, அது நீங்கதானுங்களே?" என்றாள் காளியம்மாள். கொல்லிமலைத் தேவனூர் நாட்டுக்காரி, என் பள்ளியில் படித்த மூன்று பிள்ளைகளின் தாய். மிளகு மூட்டையை அவிழ்த்தபடியே படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆரு மேலீங்க இத்தன வவுத்தெரிச்சல்?"

யார் மேல் என்று அவளுக்குச் சொல்ல முடியாது. அந்த ஆள் பத்தடி தூரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து ஓட்டு வீடு

கணவர் இறந்தபின் ஆறு வயது மகளோடு கொல்லிமலைப் பள்ளிக்கு வாத்தியாராக வந்ததையும், முதல் மழையில் அட்டைகளோடு பட்ட பாட்டையும் இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதியிருந்தேன். இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வந்த ஒரு தபால் என்னை எழுத வைத்துவிட்டது.

மகள் மரகதத்துக்குப் பதினாறு நடக்கும்போது பள்ளிக்குப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு ஓர் அமெரிக்கப் பெண்மணி குடிவந்தார். மிஸ் நோரா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருடைய அண்ணன் செடிகொடிகள் சேகரிக்க வந்தவர், சேகரித்துக்கொண்டு போய்விட்டார். இந்த அம்மாள் மட்டும், இங்கே வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்று தங்கிவிட்டார். வெளிச்சத்துக்காக ஒருவர் ஓர் ஊரில் தங்குவார் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். நாங்கள் சம்பளத்துக்காகத் தங்கியிருந்தோம்.

அவர் தமிழை ஏதோ பழைய வேத புத்தகத்திலிருந்து கற்றிருந்தார். எல்லோரையும் 'நீர்' என்பார். திண்ணையில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியைக்கூட 'அப்பாலே போம்' என்றுதான் விரட்டுவார். கோழிகள் போகா.

மரகதம் முதலில் பால் கொடுக்கப் போனாள். பிறகு பால் கொடுத்துவிட்டு ஒரு நாழிகை கழித்து வந்தாள். பிறகு பாலுக்கும் அவள் போவதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று.

எனக்கு அது முதலில் மூக்கில்தான் தெரிந்தது. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது சீயக்காய் மணம் போய், கர்ப்பூரத் தைலம் மாதிரி ஏதோ ஒரு நெடி அடித்தது. வர்ணம் கரைக்கும் எண்ணெயாம். பதினாறு வருஷம் நான் எண்ணெய் தேய்த்த தலை. வேறொரு வீட்டு எண்ணெய் அதில் ஏறிவிட்டது.

பிறகு சாப்பாட்டில் தெரிந்தது. ஒருநாள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, சோறு வெள்ள இல்லயாம். நல்லாப் பாத்தா அதுல நீலம் இருக்குதுன்னு நோராம்மா சொல்றாங்க."

"நீலமா இருந்தா ஊசிப்போச்சுன்னு அர்த்தம். தின்னு கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தாள். அந்தச் சாய்ப்பு அவளுடையது அல்ல. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

கொடியில் காயும் துணி

நோராவிடம் ஒரு தடித்த ஆல்பம் இருந்தது. அவர் ஊர்ப் படங்களின் அச்சுப் பிரதிகளை வெட்டி ஒட்டியது. என்னையும் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த படங்கள் சுவரில் மாட்டிப் பூ வைக்கிற படங்கள். தாமரை, மயில், பட்டுப் புடவை. இந்த ஆல்பத்தில் இருந்ததோ, இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கொடிகட்டிக் காயும் பழைய துணி. சேறான பனியில் குப்பை வண்டி இழுக்கும் குதிரை. மூக்கில் ரத்தம் வழியக் குத்துச்சண்டை போடும் இருவர். புழுக்கம் தாங்காமல் கூரையின்மேல் பாய் விரித்துக் கிடக்கும் ஜனங்கள். மலிவான சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து தின்னும் ஒரு கிழவி.

"இதையெல்லாம் எதற்கு வரைய வேண்டும்?" என்றேன்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான் கேட்டார்கள்," என்றார் நோரா.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது அங்கே ஒரு பெரிய மண்டபம் இருந்ததாம். வருஷா வருஷம் அதில் படக்காட்சி. நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். படங்களை ஒவ்வொன்றாக அவர்கள் எதிரே தூக்கிக் காட்டுவார்கள். ஆம், இல்லை, இல்லை, இல்லை. துணிக்கொடிக்கும் குப்பை வண்டிக்கும் எப்போதும் இல்லை. கடைசியில் இளைஞர்கள் சேர்ந்து தாங்களே ஒரு காட்சி வைத்தார்கள். நடுவர் கிடையாது, பரிசு கிடையாது. சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் படத்தைக் கொண்டுவந்து மாட்டலாம். தெருவெல்லாம் கூட்டம். சிரிக்க வந்தவர்கள் பாதி, சண்டை போட வந்தவர்கள் பாதி. பத்திரிகைகள் கேலி எழுத எழுதக் கூட்டம் கூடியதாம்.

நோராவும் இரண்டு படம் மாட்டினார். ஆற்றைக் கடக்கும் படகு ஒன்று, பனி பெய்த தெரு ஒன்று. தினமும் போய் அவற்றின் அருகிலேயே நின்றார்.

"ஒரு மனிதர் என் படகின் முன்பாக நெடுநேரம் நின்றார். நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் என்னிடம், வெளியே போகிற வழி எது என்று கேட்டார்."

அதே அறையில் அவருடைய சிநேகிதி ஒரு படம் மாட்டியிருந்தாள். அதுதான் தனியாகச் சாப்பிடும் அந்தக் கிழவி. அதைச் சுற்றி எப்போதும் ஆள். "நான் அவளை வாழ்த்தினேன். பிற்பாடு ஒரு மாதம் அவளோடே பேசவில்லை," என்றார் நோரா. அதற்குப் பின் இருபது வருஷம் எங்கெங்கோ படங்களை அனுப்பினாராம். "எல்லாமும் திரும்பி வந்தன. என் வீட்டின் கதவு அவைகளுக்கு நன்றாய்த் தெரியும்."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் மரகதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் கைவைத்து, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பற்றி நான் சொன்னபோதுகூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

சாமைப் பானைக்கு அடியில்

சென்னையில் ஓவியம் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் நோரா. விண்ணப்பத் தாளைத் தபாலில் வரவழைத்தவரும் அவர்தான். மரகதம் மற்றதையெல்லாம் பூர்த்தி செய்து என்னிடம் கொண்டுவந்தாள். அடியில் ஒரு கோடு மட்டும் காலி. தாய் அல்லது தகப்பன் கையெழுத்து.

"பாத்துட்டுத் தாரேன்," என்று வாங்கிச் சாமைப் பானைக்கு அடியில் வைத்தேன்.

எனக்கு இருப்பது இந்த ஒரு பெண். சென்னையில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள், டிராம் வண்டியில் எப்படி ஏறுவாள், விடுதியில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா என்று நாளெல்லாம் மனம் அலைந்தது. இவை பொய்க் கவலைகள் அல்ல. ஆனால் இவற்றுக்கு அடியில், பானைக்கு அடியில் தாள் கிடந்தது போல, வேறொன்றும் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் ஜெயிப்பது நோரா.

மரகதம் பேச்செடுக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். ஒரு மாதம் அப்படி ஓடியது.

நடுவில் மூன்று நாள், நோரா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மரகதம் சுருங்கிப்போய்த் திரிந்தாள். நான் அந்த மூன்று நாளும் பணியாரம் சுட்டேன்.

இறக்கினது ஏறாது

மலையை விட்டுக் கிளம்புமுன் இங்கே ஒரு படக்காட்சி வைக்கப்போவதாக நோரா சொன்னார். நடுவர் இல்லாத காட்சி. எங்கே என்று கேட்டேன்.

"சந்தையிலே. அங்கே எல்லாரும் வருகிறார்கள். அங்கே ஒருவரும் நீதிபதி அல்லவே."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

மலைக்காரர்கள் தினை, சாமை, மிளகு, தேன் எல்லாம் தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோய்ப் பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்பார்கள். விற்பதற்கென்று கொண்டுபோன பொருளைச் சந்தை மண்ணில் இறக்கிவிட்டால், அதைத் திரும்ப மலைக்கு ஏற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டு. விற்காவிட்டால் பண்டமாற்றுச் செய்வார்கள், சும்மா கொடுப்பார்கள், மாட்டுக்குப் போடுவார்கள். கொண்டுபோனதையே சுமந்துகொண்டு வந்தால் மலையின் விளைச்சல் அதன் பின்னாலேயே இறங்கிப் போய்விடும் என்று நம்பிக்கை. காசோ பண்டமோ கொடுத்து வாங்கியதை மட்டும் தாராளமாக ஏற்றலாம்.

இருபத்து மூன்று படங்கள். இரண்டு வருஷ உழைப்பு. சாக்கில் இறக்கி வைத்துவிட்டால், மாலையில் எந்தச் சுமையாளும் அவற்றைத் தொட மாட்டான். நோராவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு வேண்டியது எல்லாம் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததே தவிர, அவர் வீட்டிலிருந்து எதுவும் சந்தைக்குப் போனதில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடு. வேலிக்கு மேல் சொன்னால் போதும்.

"நல்ல யோசனை," என்றேன். வீட்டுக்கு வந்து இன்னொரு ஈடு பணியாரம் ஊற்றினேன்.

புளியமரத்தடி

சுமையாட்களுக்குத் தலைவன் சடையன். விடியற்காலையில் ஐந்து பேரோடு வந்து, சணல் சுற்றிய கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். நான் பள்ளி வேலையாகச் சற்றுப் பிந்தித்தான் போனேன். போய்ச் சேர்ந்தபோது புளியமரத்தடியில் படங்கள் வரிசையாய்ச் சாய்ந்திருந்தன. ஓடை, பாறை, பலாமரம், மூடுபனி. வரிசையின் கடைசியில் நான்.

அதை யார் வரைந்தது என்று கேட்கத் தேவையில்லை. மற்ற இருபத்திரண்டிலும் மனித முகமே கிடையாது.

படத்தில் நான் ஒரு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அது நோராவின் வீட்டுக் கதவு. பாதி முகம் இருட்டில்; மீதிப் பாதி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, உள்ளே யாரையோ பார்க்கிறது. கையில் ஒரு டம்ளர் காப்பி. ஆவி இல்லை. மேலே ஆடை கட்டியிருக்கிறது.

அப்படி நான் நின்றது உண்டு. ஒரு நாள் அல்ல, பல நாள். மகளுக்குக் காப்பி கொண்டுபோய், உள்ளே அவர்கள் இருவரும் சிரிப்பதைக் கேட்டுக் கதவோரம் நின்று, ஆறிய பின் திரும்ப எடுத்துவந்து முற்றத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

படத்தைப் பின்புறம் திருப்பினேன். அங்கே சென்னை ராஜதானி இருந்தது. பள்ளியில் காணாமல் போன துணி வரைபடம்; அதன் முதுகில்தான் மரகதம் வரைந்திருந்தாள். கரையான் அரித்துவிட்டது என்று நான் மேலிடத்துக்கு எழுதியிருந்தேன்.

மரகதம் நோராவின் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்தவில்லை.

மத்தியானத்துக்குமேல் நான் எதிர்பார்த்தது நடக்கத் தொடங்கியது. எதிர்பார்த்த விதத்தில் அல்ல. கருவாட்டுக்காரி ஓடைப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு கூறு நெத்திலி வைத்தாள். ஈயை மறைக்க நல்ல தட்டி என்றாள். கொத்து வேலைக்காரர் ஒருவர் மூடுபனியை வாங்கினார். காளியம்மாள் ஒரு வள்ளம் மிளகு அளந்துபோட்டுப் பலாமரத்தை எடுத்தாள்.

"எங்க மரந்தானுங்க அது. அந்த மொண்டிக் கெளையக்கூட உடாம எழுதியிருக்குது அந்தம்மா."

சடையன் மட்டும் பாறைப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். "தெனமும் அதும்மேல உக்காந்துதானுங்க வெத்தல போடறேன். இத வேற தூக்கிட்டு அலையோணுமா?" என்றான். சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அதையும் வாங்கினான்.

நோராவின் மடியில் மிளகும் சாமையும் ஒரு பெட்டைக் கோழியும் சேர்ந்தன. அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று.

"ஒன்றும் திரும்பி வராது," என்றார் என்னிடம். "பாரும், ஒன்றும் திரும்பி வராது."

எனக்குச் சுரீரென்றது. மரகதத்தை மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"இந்தக் கட்டு அவங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொல்லிட்டேன். அதுக்குத்தான் சந்தைனு புடிவாதமா இருந்தாங்க." நிறுத்தி, என்னை நேராகப் பார்த்தாள். "நீ ஏம்மா அவங்ககிட்டச் சொல்லல?"

நான் குடையை இன்னும் தாழ்த்தினேன்.

மிச்சம் ஒன்று

பொழுது சாய ஆரம்பித்தது. இருபத்திரண்டும் போய்விட்டன. என் முகத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

"எடுத்துட்டுப் போலாமுங்க," என்றாள் காளியம்மாள். "புள்ளைங்க சோறு திங்கோணுமில்லீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போவாத பசங்க இருக்கற ஊட்டுல மாட்டலாமுங்க," என்றான் சடையன். "அவனுங்களா ஓடியாந்துருவானுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் படத்தில் இருந்தது போலவே இருந்திருக்கும்.

நோரா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"முகம் நான் அவளுக்குக் கற்பிக்கவில்லை," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு முகம் வராது. ஒருபோதும் வரவில்லை. இதை அவள் எனக்குக் காட்டின நாள் தொடங்கி மூன்று நாள் நான் அவளோடே பேசவில்லை. நீர் கவனித்தீரா?"

கவனித்தேன். பணியாரம் சுட்டேன்.

மரகதம் படத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள், சந்தைக்காரி மாதிரியே. நான் எதிரில் போய் நின்றேன்.

"என்ன வெல?" என்றேன்.

இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். சாமைப் பானைக்கு அடியில் இருந்த தாள். ஒரு மூலையில் பானை வட்டம் கறையாகப் பதிந்திருந்தது.

"ஊட்டுல பேசிக்கலாம் சாமி."

"ஊட்டுல பேச முடியலம்மா. பேச்செடுத்தா நீ அடுப்பப் பாக்கப் போயிடற."

"நான் வாங்கலைன்னா?"

"இங்கயே உட்டுட்டு வாரேன். கட்டாயமில்ல."

கருவாட்டுக்காரி கூடைகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டு ஆடுகள் காய்கறிச் சருகை மேய்ந்துகொண்டு வரிசையை நோக்கி வந்தன. "வெளிச்சம் போவுதுங்க, மலையேறோணும்," என்று சடையன் யாரையும் பார்க்காமல் சொன்னான்.

நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அல்ல, டம்ளரை. காப்பியின் மேல் கட்டியிருந்த ஆடையில் ஒரு சுருக்கம்கூட விடாமல் வரைந்திருந்தாள். ஆடை அப்படிச் சுருங்க எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை நேரமும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே சிரித்துக்கொண்டே கதவோரத்தைப் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கலாம். நானும் நுழைந்திருக்கலாம்.

உப்பு மூட்டையின்மேல் தாளை விரித்தேன். நோரா பேனாவைத் திறந்து கொடுத்தார். ஆயிரம் மதிப்பெண் தாள்களில் போட்ட கையெழுத்து அன்று கோணிக்கொண்டு போயிற்று. கடைசி எழுத்தில் மை திட்டாக விழுந்தது.

படத்தைத் தூக்கினேன்.

"வாங்கினதுதானுங்களே, குடுங்க, நான் தூக்கியாரேன்," என்றான் சடையன். கொடுக்கவில்லை.

பாதி மலையில் தூறல் பிடித்தது. குடையைப் படத்துக்குப் பிடித்தேன். பின்னால் வந்த மரகதம் என் நனைந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, அது எண்ணெ வர்ணம். நனஞ்சா ஒண்ணும் ஆவாது. நீ புடி."

நான் குடையை மாற்றவில்லை.

நேற்று வந்த தபால்

நோரா அடுத்த மாதமே கப்பல் ஏறிவிட்டார். கோழியைக் காளியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மரகதம் சென்னைக்குப் போய் இது மூன்றாவது மழைக்காலம்.

படம் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. பெரும்பாலான நாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு வரைபடத்தைப் பார்ப்பேன். கொல்லிமலை இருக்குமிடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து சென்னைவரை நகர்த்துவேன். அதற்கு ஒரு சாண் போதும். அவளோ வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள்.

நேற்றைய உறையில் கடிதத்தோடு ஒரு பென்சில் படமும் இருந்தது. விடுதியைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளாம். "எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அம்மா கவலைப்படாதே," என்று எழுதியிருந்தாள். நல்ல வட்ட முகம். கையில் ஒரு கிண்ணம். அதிலிருந்து ஆவி எழுகிறது. அந்த அம்மாள் வாய்நிறையச் சிரிக்கிறார்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் வரைபடத்தைத் திருப்பி, என் முகத்தை வெளியே பார்க்க மாட்டினேன். பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அந்த அம்மாளையும் மாட்டினேன்.

இன்று காலை எழுந்தவுடன் பார்த்தேன். கதவோரத்திலிருந்து நான் அவரைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.